71 வயது அம்மாவுக்குச் சின்னப்பிள்ளைகளின் மூளைக்கட்டியா?

கோண்டாவில் மகள்:
போன வருடம் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் கற்றராக் எடுத்தோம். கண்ணாடி போட்டால் பேப்பரின் சின்ன எழுத்தையும் வாசிக்கிறார். ஆனால் படலைத் தூணில் இடிபடாமல் வளவுக்குள் வரமாட்டார். தோளிரண்டும் கன்றிப்போய் இருக்கின்றன. ராத்திரி நாலு தரம் எழும்புவார், தலைமாட்டுச் செம்புத் தண்ணீரும் முடிந்துவிடும். சீனி பார்த்தோம், வெறும் வயிற்றில் 92. வயது போனால் இப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

இப்போது எம்.ஆர்.ஐ.யில், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்ற ஹோர்மோன் சுரப்பிக்கு மேலே 2.5 சென்ரிமீற்றர் கட்டி. புற்று இல்லையாம், ‘கிரேனியோபாரிஞ்சியோமா’வாக இருக்கலாமாம். அது பிள்ளைகளுக்கு வருவதல்லவா? றிப்போர்ட் மாறிவிட்டதோ என்று பெயரை இரண்டு தரம் பார்த்தேன்.

பழைய தாதி:
மாறியிராது, தங்கச்சி. இது அரிய கட்டி. கூடுதலாக 5 முதல் 14 வயதில் வரும், பிறகு 50 முதல் 74 வரை இன்னொரு தரம். கரு வளரும்போது பிட்யூட்டரி பக்கம் மிஞ்சிய கலங்களில் இருந்து வருவது. அதற்கு மேலேதான் இரண்டு கண் நரம்பும் குறுக்கே கடக்கின்றன. அங்கே அமுக்கினால் நடுப்பார்வை நிற்கும், இரு பக்கமும் இருளும். புது லென்ஸ் அதைத் திருத்தாது. அம்மாவுக்கு எதிரே இருந்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, பக்கத்தில் விரலை ஆட்டிப் பாருங்கள். பெரியவர்களுக்கு அந்த இடத்தில் அதிகம் வருவது பிட்யூட்டரி அடினோமா, அந்தச் சுரப்பியிலேயே வளரும் கட்டி. அது கூடுதலாகச் சுரக்கக்கூடிய ஹோர்மோன் புரோலக்ரின், அதனால் அதையும் பார்ப்பார்கள். கடைசிப் பெயர் கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்த பிறகுதான்.

சுன்னாகத்தான்:
அக்கா, எங்கள் அப்பாவுக்கு டி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்ட பிட்யூட்டரி சுரக்கும் ஹோர்மோன்) சரி, தைரொயிட்டில் பிழையில்லை என்று ஐந்து மாதம் போனது. பிட்யூட்டரியே பழுதானால் அந்த இலக்கம் நோர்மலாகவும் காட்டும். ஃப்ரீ டி4 (தைரொயிட் ஹோர்மோன்), காலைக் கோர்ட்டிசோல் (அட்ரினல் சுரப்பியின் ஹோர்மோன்) இரண்டையும் கேளுங்கள். கோர்ட்டிசோல் குறைவாக இருக்கும்போது தைரொயிட் மருந்தான தைரொக்சினை முதலில் தொடங்கினால் ஆபத்து.

பழைய தாதி:
தம்பி சொன்னது சரி. இவ்வளவு தாகம் பிட்யூட்டரிப் பழுதாலும் வரும், இரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும். அதுவரை தண்ணீரை மறிக்க வேண்டாம்.

கோண்டாவில் மகள்:
விரல் ஆட்டிப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. முகத்துக்கு நேரே வரும்வரை “எங்கை பிள்ளை?” என்றே கேட்டார். செவ்வாய்க்கிழமை கிளினிக். குடிப்பதையும் போவதையும் பழைய சோடாப் போத்தலால் அளந்து கொப்பியில் எழுதுகிறேன். நேற்று மட்டும் ஆறு லீற்றர் குடித்திருக்கிறார்.