எழுவொரு கடவுளும் ஏதிலாரும்: புனைசமயச் சொற்கள் சில

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

மிகுபுனைவுத் தொடர்களில் எழுத்தாளரே உண்டாக்கிக்கொள்ளும் மதங்களுக்கு ஒரு பொதுச்சொல் வேண்டும் என்று தொடங்கிய இழை இது. நான்கு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது என் பங்குக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'கற்பனை மதம்' என்றாலே எல்லாருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புரிகிறது ஐயா, ஆனால் வேறு மாதிரி புரிகிறது. மதத்துக்கு முன்னால் 'கற்பனை' என்று போட்டால் தமிழில் அது வசை. 'அவர்கள் நம்புவது பொய்' என்றுதான் காதில் விழும். நமக்கு அந்தத் தீர்ப்பு வேண்டாம். கதைக்காக ஒருவர் உட்கார்ந்து செய்த சமயம் என்ற செய்தி மட்டும் போதும். புனைகதை, புனைபெயர் என்று சொல்லும்போது யாரும் யாரையும் பொய்யர் என்பதில்லை. ஆகவே 'புனைசமயம்' என்பதை முன்வைக்கிறேன். பொய்ப்புரட்டு என்று பொருள்படும் 'புனைசுருட்டு' குறுக்கே நிற்கிறதே என்று அம்மா ஒருவர் கவலைப்பட்டிருந்தார். நியாயமான கவலைதான். ஆனால் மாலை புனைவதும் வேடம் புனைவதும் அதே வினைதான், அந்தப் பக்கம்தான் கூட்டம் அதிகம்.

'புனைமதம்' ஏன் இல்லை? நன்னூல் 'எழுவகை மதம்' என்னும்போது மதம் என்பது நூலாசிரியர் எடுக்கும் நிலைப்பாடு. மணிமேகலையில் 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை' என்று ஒரு காதையே இருக்கிறது, அங்கே சமயம் நாம் தேடும் பொருளிலேயே வருகிறது. அதோடு சமயம் நன்றாகக் கிளைக்கும் சொல். சமயத்தார், அகச்சமயம், புறச்சமயம் எல்லாம் கையில் தயாராக இருக்கின்றன. சரி, இதற்குமேல் இதில் நேரம் செலவிட வேண்டாம். கடினமான இடம் அடுத்தது.

பொதுச்சொல் விமரிசனம் எழுதத்தான் உதவும். கதைக்குள் இருக்கிற பூசாரிக்கும் மரத்துக்கும் தெய்வத்துக்கும் என்ன பெயர் வைப்பது? ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரையே எடுத்துக்கொள்கிறேன். 1996இல் முதல் நூல், 2011இல் ஐந்தாவது. நம்மில் பலர் படித்தது, அல்லது தொலைக்காட்சியில் பார்த்தது.

அதில் தெற்கே பெரும்பான்மையோர் வணங்குவது ஏழு பேரை: தந்தை, தாய், கன்னி, கிழவி, போர்வீரன், கொல்லன், அப்புறம் சாவின் முகமான 'ஸ்ட்ரேஞ்சர்'. குருமார்கள் சொல்வது, கடவுள் ஒருவரே, முகம்தான் ஏழு என்று. ஊர்ச் சனம் ஏழு கடவுளாகவே கும்பிடுகிறது. 'எழுவர் சமயம்' என்று இங்கே ஒருவர் பரிந்துரைத்தது பாதிதான் சரி, சனத்தின் பக்கத்தை மட்டும் சொல்கிறது. கத்தோலிக்கத் திரித்துவக் கொள்கையை மனத்தில் வைத்தே இதை அமைத்ததாக மார்ட்டின் சொல்லியிருக்கிறார். திரித்துவத்துக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'மூவொரு கடவுள்' என்ற அழகான சொல்லை ஆள்கிறார்கள். மூவொரு என்றால் எழுவொருவும் ஆகும்தானே? 'எழுவொரு கடவுள்', 'எழுவொரு நெறி'. மூலத்தில் இருக்கிற உறவு தமிழிலும் அப்படியே நிற்கிறது. இந்தச் சொல் கிடைத்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஏழாவது முகம்தான் உண்மையான சோதனை. 'அந்நியன்' என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு மிகப் பிடித்த பாத்திரமான கேட்லின் வரும் ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நூல். மறுநாள் விடிந்தால் அரியணைக்காக ஓர் அண்ணனும் தம்பியும் மோதப்போகிறார்கள். கேட்லின் ஒரு சின்னக் கிராமத்துக் கோயிலுக்குள் போகிறாள். சிலை வைக்க வசதியில்லாத இடம், சுவரில் கரியால் கிறுக்கிய ஏழு முகங்கள். நெடுநல்வாடை சொல்லும் 'புனையா ஓவியம்' மாதிரி வண்ணம் ஏறாத வெறும் கோடுகள். போர்வீரன் முகத்தைப் பார்த்தால் அதில் மகனும் தெரிகிறான், பகைவர்களும் தெரிகிறார்கள். ஏழாவது மட்டும் ஒரு கறுப்பு நீள்வட்டம், கண்களுக்குப் பதில் விண்மீன். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, இரண்டும்தான் என்று அந்த இடத்தில் வருகிறது.

இதைப் போய் 'அந்நியன்' என்று ஆண்பால் விகுதியில் அடைக்க எனக்குக் கை வரவில்லை. ஆங்கிலத்தில் பால் காட்டாமல் ஒளிந்துகொள்ளலாம். தமிழில் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். 'ஏதிலி' என்று பார்த்தேன். பால் சிக்கல் இல்லை, ஆனால் அது இன்று அகதிக்கு உரிய சொல். ஈழத்தில் இருந்து வந்த நண்பர்களுக்கு அது வலியோடு சேர்ந்தது, அதைத் தொடக்கூடாது. கடைசியில் குறளே கைகொடுத்தது. 'ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின்.' ஏதிலார் என்றால் உறவில்லாதவர், வெளியார். ஆண், பெண் என்று காட்டாது. ஒருவருக்கும் மரியாதைப் பன்மையாக வரும். சாவின் முகத்துக்குக் கொஞ்சம் மரியாதை இருப்பதும் பொருத்தம்.

இனி வடக்கே. அங்கே பழைய தெய்வங்கள். குரு இல்லை, நூல் இல்லை, கோயில் கட்டடம் இல்லை. கோட்டைக்குள் ஒரு காடு, காட்டின் நடுவே வெள்ளைப் பட்டையும் சிவப்பு இலையுமாக ஒரு மரம், அதில் செதுக்கிய முகம், கண்ணில் வடியும் சிவப்புப் பிசின். காட்டுக்கு 'கோயில்காடு' போதும், நம் கிராமங்களில் அப்படித்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹார்ட் ட்ரீ' எனப்படும் அந்த மரத்துக்கு 'இதயமரம்' வேண்டாம். இதய வடிவில் வெட்டிய மரம் போல இருக்கிறது. 'கடிமரம்' என்கிறேன். சங்ககால அரசன் ஒவ்வொருவனும் காத்து நின்ற மரம். பகைவன் வந்தால் முதலில் அதைத்தான் வெட்டுவான். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பை வெட்டி முரசு செய்தான் என்கிறது பதிற்றுப்பத்து. மார்ட்டினின் கதையிலும் கடல் தாண்டி வந்த ஆண்டல்கள் தெற்கே இந்த மரங்களைத்தான் வெட்டிச் சாய்க்கிறார்கள். கடிமரம் அரசனுடையது, இது தெய்வத்தினுடையது என்று வேறுபாடு சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வெட்டினால் குலமே அவமானப்படும் மரம் என்ற உணர்வு இந்த ஒரு சொல்லில்தான் வருகிறது.

எழுவொரு நெறியின் குருவான 'செப்டன்' என்பவரை 'ஓதுவார்' ஆக்கலாமே என்ற யோசனைக்கு மட்டும் மறுப்பு. இங்கேதான் என் அளவுகோலைச் சொல்ல வேண்டும். கடிமரமும் ஏதிலாரும் பேச்சில் உறங்கிக் கிடக்கிற சொற்கள், எழுப்பிக் கூட்டிவந்தால் புது வீட்டில் இருந்துகொள்ளும். ஓதுவார் இன்றும் சன்னதியில் நின்று தேவாரம் பாடுகிறவர். அந்தச் சொல்லைக் கொண்டுபோனால் திருநீறும் தாளமும் கூடவே போகும். மூன்றாம் நூலில் டாவோஸ் என்னும் கப்பல்காரன் நான்கு மகன்களைச் சாகக் கொடுத்துவிட்டு, கடல் நடுவே ஒரு பாறையில் காய்ச்சலோடு கிடக்கிறான். தாய்த்தெய்வம் பேசுவது அவன் காதில் விழுகிறது: எங்களை நீங்கள்தானே எரித்தீர்கள் என்று. எரிந்துபோன அந்த எழுவொரு கடவுளின் ஏழு சிலைகளும் தார்கேரியன் அரசகுலத்தின் முன்னோர் வந்த கப்பல்களின் பாய்மரத்தில் செதுக்கியவை. அவனுடைய அரசன் அவற்றை எரித்தபோது அவன் பார்த்துக்கொண்டு நின்றவன். அந்தக் குற்றவுணர்வு அவன் ஊருக்கும் அவன் கடலுக்கும் உரியது. நம் சன்னதி வாசனை அங்கே ஏறினால் அது கெட்டுப்போகும். செப்டன், செப்டனாகவே இருக்கட்டும். நான்காம் நூலில் மெரிபால்ட் என்று ஒரு செப்டன் வெறுங்காலோடு, கழுதையில் ஆரஞ்சுப் பழம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது, மறைநூலின் நீண்ட பகுதிகளோ மனப்பாடம். என் மனத்துக்கு மிக நெருங்கிய இன்னொருவர் அவர். ஓதுவார் என்றால் அவரே வேறு ஆளாகிவிடுவார்.

ஒன்று மட்டும் பாக்கி. இரும்புத் தீவினரின் 'ட்ரௌன்ட் காட்'. 'மூழ்கிய கடவுள்' என்று எழுதியிருக்கிறீர்கள். குளத்தில் மூழ்கி எழுந்து தலை துவட்டுவதும் மூழ்குவதுதான், சாவு அந்தச் சொல்லில் இல்லை. அங்கே அந்தக் கடவுளின் அடியாராகச் சேருகிறவனைக் கடல்நீரில் நிஜமாகவே மூச்சடங்கும்வரை அமுக்கி, பிறகு மூச்சு ஊதி எழுப்புகிறார்கள். 'கடல்கொண்ட கடவுள்' எப்படி? கடல் இவரைக் கொண்டதா, இவர் கடலைக் கொண்டாரா என்று இரண்டு விதமாகவும் படிக்கலாம். கடலுக்கடியில் மாளிகை கட்டி வாழும் தெய்வத்துக்கு இரண்டுமே பொருந்தும் என்று நினைக்கிறேன். குழுவில் கடற்கரை ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவரைப் பற்றி உங்கள் வீட்டில் எந்தச் சொல்லால் பேசுவார்கள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் சேர்க்கலாம்.

அன்புடன்.