கூடைப்பந்து முகாமில் 12 பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது? கோச்சுகள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் கோடைகால முகாமில் கோச்சுக்கு உதவியாக நிற்கிறேன். 9 முதல் 11-ம் வகுப்பு வரை 46 பையன்கள். சனிக்கிழமைக்குள் அதில் 12 பேரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கணும்.

முதல் நாளே உயரம், கைநீளம், நின்ற இடத்தில் குதிப்பது எல்லாம் அளந்து நோட்டில் எழுதியாச்சு. இப்போது அந்த நோட்டு மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. ஒருவன் 6 அடி 2 அங்குலம். ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிக்க) எதிரணி ஆளை மறித்து நிற்கத் தெரியாமல் பந்தை அண்ணாந்து பார்க்கிறான். இன்னொருவன் 5 அடி 5, பிய்ந்த ஷூ. பந்து கைக்கு வரும் முன்பே யார் காலியாக நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிடுகிறான். இதற்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவது? பெரிதாகக் குதிக்காத செர்பிய ஆட்டக்காரர் ஜோகிச்சை, அமெரிக்க கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் 2014 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுப்பது) 41-வதாகத்தான் எடுத்தார்கள்; அப்புறம் மூன்று முறை எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர்.

ஐவருக்கு ஐவர் ஆடவிட்டால் பாதிப் பேர் பந்தையே தொடுவதில்லை. மூவருக்கு மூவர் வைத்தால் போதுமா? 15 வயதில் இன்னும் வளரப்போகிறவனை எப்படிக் கணிக்கிறீர்கள்? உங்கள் மார்க் ஷீட் இருந்தால் போட்டோ போடுங்கள். நெட்டையனின் அப்பா தினமும் கோர்ட் ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அது தனிக்கதை.