அரசு பிணைநிற்கும் வீட்டுக்கடனுக்கு என்ன பெயர்?

அன்புடையீர்,

அமெரிக்க வேளாண்மைத் துறை, ஊர்ப்புறங்களில் வீடு வாங்குவோருக்காக நடத்தும் ‘கேரண்டீடு லோன்’ திட்டத்துக்கு ‘அரசு ஊரக வீட்டுக்கடன்’, ‘அரசு உத்தரவாதக் கடன்’ என்று இரண்டு சொற்கள் நமது கலைச்சொல் பட்டியலுக்கு முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்கத் தயங்குகிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது.

முதற்சொல்லைப் படிப்பவர், கடன் கொடுப்பது அரசு என்றே கொள்வார். என் உறவினர் ஒருவருக்கு அப்படித்தான் நேர்ந்தது. ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வீடு பார்த்திருந்த அவர், தமிழில் வந்த துண்டறிக்கையொன்றில் ‘அரசு வழங்கும் கடன்’ என்றிருந்ததை நம்பி, வங்கி எதையும் அணுகாமல் அரசு அலுவலகம் தேடி அலைந்தார். விவரம் புரிவதற்குள் அந்த வீட்டை வேறொருவர் வாங்கிவிட்டார். ஒரு சொல் செய்த கேடு இது.

இத்திட்டத்தில் பணம் வங்கியுடையது. விண்ணப்பத்தை வங்கி ஆராய்ந்து அனுப்ப, துறை அதைச் சரிபார்த்து நிபந்தனையோடு இசைவு தருகிறது. பத்திரம் முடிந்தபின் துறை வழங்கும் சான்றும் வங்கியின் பெயருக்கே போகிறது. பின்னாளில் தவணை நின்று, வீடு கைமாறி, வங்கிக்கு இழப்பு ஏற்பட்டால், தொடக்கக் கடன்தொகையில் 90 விழுக்காடு வரை துறை ஈடுசெய்யும். அந்தத் தைரியத்தில்தான் வங்கி, முன்பணமாக ஒரு டாலர்கூடக் கேட்காமல், 30 ஆண்டுக்கு மாறாத வட்டியில் கடன் தருகிறது. இதற்குக் கட்டணமும் உண்டு. கடன் 2,00,000 டாலர் என்றால் தொடக்கத்தில் 1 விழுக்காடு, அதாவது 2,000 டாலர். அதன்பின் ஆண்டுதோறும் நிலுவையில் 0.35 விழுக்காடு, முதலாண்டில் மாதத்துக்கு 58 டாலர் அளவில் வரும். இந்தச் சுமை கடைசியில் வீடு வாங்கியவர் தலையில்தான் விழுகிறது. காப்பு மட்டும் வங்கிக்கு.

‘உத்தரவாதம்’ இந்தத் திசையைக் காட்டவில்லை. மிக்சிக்கு உத்தரவாதம் என்றால் அது வாங்குபவருக்குத் தரும் வாக்கு. அந்தப் பழக்கத்தில் ‘உத்தரவாதக் கடன்’ என்பது, கேட்டவருக்கெல்லாம் உறுதியாகக் கிடைக்கும் கடன் என்று ஒலிக்கிறது. ஆனால் குடும்ப வருமானம் அப்பகுதியின் இடைநிலை வருமானத்தில் 115 விழுக்காட்டைத் தாண்டினாலே விண்ணப்பம் தள்ளப்படும்.

‘பிணை’ என்ற சொல்லில் மூன்று பேர் இருக்கிறார்கள்: கொடுத்தவர், பட்டவர், நடுவே நின்றவர். வேறொரு பொருத்தமும் உண்டு. துறை வங்கிக்குக் கட்டிய இழப்பீடு, கடன்பட்டவர் கூட்டரசுக்குச் செலுத்த வேண்டிய கடனாகிறது. பிணைநின்றவர் தாம் கட்டியதைக் கடன்பட்டவரிடம் திருப்பிக் கேட்பது நமக்குப் புதிதன்று. ஆகவே ‘அரசுப் பிணைக் கடன்’ என்று முன்மொழிகிறேன்.

--------

ஐயா, வணக்கம்.

‘உத்தரவாதம்’ பற்றிய தங்கள் மறுப்பை ஏற்கிறேன். ஆனால் ‘பிணைக் கடன்’ என்றதும் நகையையோ நிலத்தையோ பிணையமாக வைத்து வாங்கிய கடன்தான் என் நினைவுக்கு வருகிறது. நாளிதழ்களிலோ பிணை என்பது நீதிமன்றம் தரும் ஜாமீன். இங்கே பிணையாக வைக்கப்படுவது பொருளன்று, ஒருவர் ஏற்கும் பொறுப்பு. அந்த ஏற்றலைச் சொல்லிலேயே வைத்து ‘பிணையேற்பு’ என்றால் குழப்பம் நீங்குமல்லவா? கூட்டுறவுச் சங்கத்தில் ‘ஜாமீன் கையெழுத்து’ என்கிறோமே, அதுவும் இந்தச் செயலைத்தானே குறிக்கிறது?

அருகிலுள்ள சொற்களையும் இப்போதே பிரித்துவிட வேண்டும். 1934இல் தொடங்கிய கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் செய்வது காப்பீடு. அதை ‘அரசுக் காப்பீட்டு வீட்டுக்கடன்’ எனலாம். வேளாண்மைத் துறையே தன் பணத்தைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தருவது ‘நேரடிக் கடன்’. பிணையேற்புத் திட்டம் வரும் 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 502ஆம் பிரிவிலேயே இதுவும் வருகிறது. தவணைச் சலுகையோடு இதன் வட்டி 1 விழுக்காடு வரை இறங்கலாம். வீட்டை விற்கும்போது அந்தச் சலுகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட நேரலாம். அதற்குச் ‘சலுகை மீட்பு’ போதும்.

பிணையேற்புத் திட்டத்தை ‘ஊரகக் கவுன்டிக் கடன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற மாநில உட்பிரிவு. கவுன்டி முழுவதும் தகுதி பெறுவதில்லை. துறையின் வரைபடத்தில் முகவரியைத்தான் பார்க்க வேண்டும். ஒரே கவுன்டியில் பெருநகரை ஒட்டிய பகுதி விலக்கப்பட்டு, அப்பாலுள்ள சிற்றூர் தகுதி பெற்றிருக்கலாம். ஆகையால் ‘ஊர்ப்புற’ என்பதே போதும்.

--------

அம்மா, நன்றி.

பிணையத்தோடு மயங்கும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ‘பிணையேற்பு’ என்னுடையதைவிட நல்ல சொல். பதிவை ‘அரசுப் பிணையேற்பு ஊர்ப்புற வீட்டுக்கடன்’ என்று திருத்துகிறேன். வங்கிக்குப் போகும் தாளுக்குப் ‘பிணையேற்புச் சான்று’, தொடக்கத்தில் கட்டும் 1 விழுக்காட்டுக்குப் ‘பிணையேற்புக் கட்டணம்’ என்று இந்தச் சொல்லிலிருந்தே கிளைகளும் வருகின்றன. விளக்கத்தின் முதல் வரியாக, ‘கடன் தருவது வங்கி, விண்ணப்பமும் வங்கியிடமே’ என்று சேர்க்கிறேன்.