ராத்திரி ஒன்பதரைக்கு இனிப்பு கேட்கும் நாக்கு: சுகர் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

ஒன்பதரைமணிக்காரன்:
சுகர் இருக்கிறது என்று தெரிந்து எட்டு மாதம் ஆகிறது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும்தான், ஊசி இல்லை. மூன்று மாத சராசரி (HbA1c) 7.8 சதவீதத்தில் இருந்து 6.9-க்கு வந்துவிட்டது. பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவினால் போதும், நாக்கு இனிப்பு கேட்க ஆரம்பித்துவிடும். நேற்று 'சர்க்கரை சேர்க்காதது' என்று பெரிதாக அச்சடித்த பிஸ்கட் வாங்கி, தைரியமாக ஆறு தின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 214. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று இன்னொரு ஸ்ட்ரிப் போட்டேன். 209. சர்க்கரையே இல்லாத பண்டத்துக்கு எப்படி ஏறுகிறது? ஏறாத இனிப்பு என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை ஆசையையே விட்டுவிட வேண்டியதுதானா?

கோகோ அக்கா:
மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. அந்தப் பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் 'மொத்த மாவுச்சத்து', அதாவது கார்போஹைட்ரேட், என்ற வரியைப் பாருங்கள். பிஸ்கட் என்றால் மைதா. வயிற்றுக்குள் போனதும் அது குளுக்கோஸ்தான். ஒன்றுக்கு 7 கிராம் என்று வைத்தாலும் ஆறுக்கு 42 கிராம், கிட்டத்தட்ட பத்து டீஸ்பூன் சர்க்கரை தின்ற கணக்கு. அதுவும் சாப்பாட்டுக்கு மேலே!

அதே பின்பக்கத்தில் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்க்கரை அளவுக்கு ஏற்றாது, ஆனால் ஏற்றும். கூடுதலாகச் சாப்பிட்டால் வயிற்றையும் கலக்கும். நான் ஒருமுறை அந்த வகைச் சாக்லேட்டில் அரைப் பெட்டியைக் காலி செய்துவிட்டு, விடிய விடியக் கழிவறைக்கு நடந்தேன். அன்றைக்கு நடைப்பயிற்சிக் கணக்கு மட்டும் அமோகம்.

எனக்குச் சுகர் வந்து பதினோரு வருடம். இனிப்பை விடவில்லை, விடப்போவதும் இல்லை. வாரத்தில் நான்கு நாள் நான் சாப்பிடுவது இதுதான். புளிக்காத கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி நான்கு மணி நேரம் தொங்கவிடுங்கள். தண்ணீர் வடியும்போது தயிரிலுள்ள பால் சர்க்கரையும் கொஞ்சம் அதோடு போய்விடும். மிச்சம் இருப்பது வெண்ணெய் மாதிரி இருக்கும். அதில் 100 கிராம் எடுத்து, இனிப்புச் சேர்க்காத கோகோ தூள் ஒரு டீஸ்பூன் சலித்துப் போடுங்கள். சலிக்காமல் போட்டால் கட்டி கட்டியாகக் கசக்கும். வெனிலா இரண்டு சொட்டு, ஸ்டீவியா என்ற செடியின் இனிப்பூட்டிப் பொடி ஒரு சிட்டிகை, உப்பு அதைவிடக் குறைவாக. உப்பை மட்டும் மறக்காதீர்கள், கோகோவின் கசப்பையும் ஸ்டீவியாவின் கசப்பையும் அதுதான் அடக்கும். மேலே இரண்டு வால்நட்டை உடைத்துத் தூவிக்கொள்ளுங்கள். மொத்த மாவுச்சத்து பத்து கிராமைத் தாண்டாது.

இன்னொன்று, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சாப்பிடாதீர்கள். சில்லென்று இருந்தால் நாக்குக்கு இனிப்பு சரியாகத் தெரியாது. ஐஸ்கிரீமில் அவ்வளவு சர்க்கரை கொட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். கால் மணி நேரம் வெளியே வைத்துச் சாப்பிடுங்கள்.

விட்டவன்:
இவ்வளவு சிரமம் எதற்கு? நான் ஒரேயடியாக நிறுத்தினேன். மூன்று வாரம் கஷ்டமாக இருந்தது, அப்புறம் நாக்கு மறந்துவிட்டது. ரொம்ப ஆசை வந்தால் ஒரு பேரீச்சம்பழம், இல்லை ஒரு ஸ்பூன் தேன். இயற்கையானது, ஒன்றும் செய்யாது.

கோகோ அக்கா:
நாக்கு பழகும் என்பது உண்மைதான் சார். நானும் காபியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் சர்க்கரையை விட்டேன். ஆனால் அந்த 'ஒன்றும் செய்யாது' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரிய வகைப் பேரீச்சம்பழம் ஒன்றில் 18 கிராம் மாவுச்சத்து, ஒரு மேசைக்கரண்டி தேனில் 17. கணக்கில் சேர்த்துச் சாப்பிட்டால் சரி. இயற்கை என்று கணக்கில் சேர்க்காமல் விட்டால் மீட்டர் விடாது.

ஊசிக்காரன்:
என்னைப் போல இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இந்த இனிப்பூட்டிப் பண்டங்களை வீட்டில் நிரப்பிவிட்டு, சுகர் இறங்கும் நேரத்தில் அதையே எடுத்துத் தின்னாதீர்கள். ஒரு ராத்திரி 58-க்கு இறங்கி, கை நடுங்க, பக்கத்தில் கிடந்த சர்க்கரையில்லாத சாக்லேட்டை மென்றுகொண்டே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடமாகியும் ஏறவே இல்லை. வீட்டுக்காரி சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்த பிறகுதான் ஆள் ஆனேன். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. சாதாரணச் சாக்லேட்கூட அப்போது உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். சில மாத்திரைகளும் சுகரை இறக்கிவிடும், உங்களுடையது எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதரைமணிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, அந்த பிஸ்கட் பாக்கெட்டைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு 8 கிராமாம், மால்டிட்டாலும் இருக்கிறது. நேற்று உங்கள் தயிர்க் கோகோ செய்தேன். சலிக்கச் சோம்பல்பட்டு அப்படியே கொட்டியதில் முதல் வாயிலேயே கசப்புக் கட்டி. மிச்சத்தைக் கரண்டியால் நசுக்கிச் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. சாப்பிடுவதற்கு முன் 121, இரண்டு மணி நேரம் கழித்து 134. ஸ்டீவியாவுக்குப் பதிலாக அஸ்பார்டேம் இனிப்பூட்டி மாத்திரையைப் பொடித்துப் போடலாமா? வீட்டில் அதுதான் நிறைய இருக்கிறது.

கோகோ அக்கா:
தயிரில் போடலாம். அடுப்பில் வைக்கிற எதிலும் போடாதீர்கள், சூட்டில் அதன் இனிப்பு போய்விடும். இந்த முறை சலித்துவிடுங்கள்.