போன ஞாயிறு மடலும் மேட்டுத்தெரு மாமாவின் பத்தாயிரமும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு என் பெயரில் வந்த மடலைப் பார்க்கவே இல்லை என்று யாரும் பெருந்தன்மை காட்ட வேண்டாம். மடற்குழுவிலேயே இல்லாத டீக்கடைக்காரர் வரைக்கும் விஷயம் போய்விட்டதாக அம்மா போனில் சொன்னார். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

பாரதக்கூத்து வசூல் கணக்கை மஸ்கட் மச்சான் இங்கே போட்டிருந்தான். அதைப் பார்த்து அவனுக்கு எழுதினேன்: "மேட்டுத்தெரு மாமா தரேன்னு சொன்ன பத்தாயிரம் படுகளத்துத் துரியோதனன் மாதிரி மல்லாந்து கிடக்கு. யாருடா போய்த் தொடையில அடிக்கிறது?" கூத்து முடிவில் மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனனைப் பீமன் தொடையில் அடிப்பாரே, அந்தப் படுகளம்தான். அவன் ஒருவன் சிரிப்பதற்காக எழுதியது. ஆனால் நம் குழுவில் 'பதில்' என்று அழுத்தினாலே எல்லோருக்கும் போகிற மாதிரி வைத்திருக்கிறோம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுத்தினேன். 163 பேருக்குப் போனது. சிங்கப்பூரில் அப்போது இரவு பத்தரை, ஊரில் எட்டு மணி. சாப்பாட்டுக்கு முன்னால் எல்லார் கையிலும் போன் இருக்கிற நேரம்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய கூத்து. சங்க வேலையை ஆபீஸ் அவுட்லுக்கில் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு. அதில் அனுப்பிய மடலைத் திரும்ப அழைக்க ஒரு வசதி உண்டு. பதறிப்போய் அதை அழுத்தினேன். அது ஒரே நிறுவனத்துக்குள் இருக்கிறவர்களிடம்தான் எடுபடும். வெளியாட்களுக்குப் போன மடல் போனதுதான். மிச்சத்துக்கு, 'இன்னார் தன் மடலைத் திரும்பப் பெற விரும்புகிறார்' என்று இன்னொரு மடலும் போய்ச் சேர்ந்தது. மாமாவின் மகள் பிராங்பர்ட்டில் இருக்கிறாள். முதல் மடலைத் திறக்கவே இல்லையாம். இரண்டாவதைப் பார்த்துவிட்டுத்தான், என்னமோ இருக்கிறது என்று முதலாவதைத் தேடிப் படித்து, அப்பாவுக்குப் போன் போட்டு வாசித்தும் காட்டியிருக்கிறாள்.

ஜிமெயிலில் இருக்கிற 'அனுப்பியதை ரத்துசெய்' வேறு ரகம். அது போன மடலைப் பிடித்து இழுப்பதில்லை. தபால் பெட்டி வாயில் கடிதத்தைக் கையோடு பிடித்துக்கொண்டே போட்டுவிட்டேன் என்று சொல்வது போல, சில விநாடி வைத்திருந்துதான் அனுப்புகிறது. முதலில் 5 விநாடிதான் இருக்கும். கம்ப்யூட்டரில் அமைப்புகளுக்குப் போனால் 10, 20, 30 என்று கூட்டலாம். 30 வைத்துக்கொள்ளுங்கள். தப்பு என்று மண்டையில் உறைக்க எனக்குப் பன்னிரண்டு விநாடியாவது ஆனது.

அப்புறம் பதில்கள். அன்று இரவு 41. பாதிப் பேர் மாமா பக்கம், சிலர் என் பக்கம், ஆறு பேர் "தயவுசெய்து எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்" என்று எல்லோருக்கும் பதில் போட்டவர்கள். டல்லாஸ் அண்ணன் தன் பெயரை நீக்கச் சொல்லி மூன்று தடவை எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமைக் காலை. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் 2016 நவம்பரில் ஒருவர் அனுப்பிய சோதனை மடல் தவறிப்போய் சுமார் 8.4 லட்சம் ஊழியர்களுக்குச் சென்றது. எல்லோருமாகப் பதில் போட்டு 75 நிமிடத்தில் 50 கோடி மடல் போனதாக அப்போது செய்தி வந்தது. அனுப்பியவர் அனுப்பியது ஒன்றே ஒன்று. நம் குழுவில் அன்று போன மடல்களிலும் என்னுடையது இரண்டுதான் என்று சொல்லி ஆறுதல் தேடிக்கொள்கிறேன்.

இதெல்லாம் கேலியோடு போயிற்று. போன வருஷம் நம்மில் ஒருவர் மகனுடைய பாஸ்போர்ட் நகலை இங்கே போட்டது அப்படி இல்லை. குழுவின் இணையப் பக்கத்திலிருந்து நிர்வாகி அதை எடுத்துவிட்டார். ஆனால் ஒவ்வொருவர் பெட்டிக்கும் போய்விட்ட பிரதியை அவரால் தொட முடியாது. அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும். இன்னும் வைத்திருப்பவர்கள் இப்போதே அழித்துவிடுங்கள், குப்பைப் பெட்டியிலிருந்தும்.

நமக்குச் சம்பந்தமில்லாதது நம் பெட்டிக்கு வந்தாலும் அப்படித்தான். என் பெயரே உள்ள யாரோ ஒருவர் தன் முகவரி என்று நினைத்து என்னுடையதை எங்கேயோ கொடுத்திருக்கிறார். அவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எனக்கு வந்தது. "இது எனக்குரியது அல்ல, முகவரியைச் சரிபாருங்கள்" என்று அனுப்பிய இடத்துக்கு மட்டும் ஒரு வரி எழுதிவிட்டு அழித்தேன். முதல் பக்கத்தில் சர்க்கரை அளவு கண்ணில் பட்டுவிட்டது. அந்த மனிதரை இதுவரை பார்த்ததில்லை, ஆனாலும் இனிப்புக் கடையைத் தாண்டும்போது அவர் ஞாபகம் வருகிறது.

சரி, மாமா விஷயம். திங்கட்கிழமை காலை நானே போன் செய்தேன். எடுத்தவுடன், "இன்னா மாப்ள, என்னைப் படுகளத்துல படுக்க வெச்சுட்டியாமே?" என்றார். என்னால் பேச முடியவில்லை. அவரே தொடர்ந்தார்: "கொடியேத்துன அன்னிக்கே தர்மகர்த்தா கையில ரொக்கமா குடுத்துட்டன்டா. நீ கேட்டியா?" கேட்கவில்லை. தர்மகர்த்தாவைக் கேட்டேன், அவர் நோட்டில் இருந்தது. எங்கள் கணக்கில்தான் ஏறவில்லை. ஆக, தவறிப் போன மடலில் எழுதியிருந்ததும் தவறு. மாமாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். கேலி செய்தது எல்லோர் முன்னாலும் என்பதால் இங்கேயும் கேட்கிறேன்: மாமா, மன்னிச்சிடுங்க.

இன்றிலிருந்து 'பதில்' என்று அழுத்தினால் எழுதியவருக்கு மட்டும் போகும்படி நிர்வாகி மாற்றிவிட்டார். எல்லோருக்கும் போக வேண்டுமென்றால் நீங்களாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மேட்டுத்தெரு 10,000 ரூபாயைச் சேர்த்துத் திருத்திய கணக்கை இத்துடன் இணைத்திருக்கிறேன். தீமிதிக்கு வருகிறவர்கள் பயணத் தேதியைச் சொல்லுங்கள், காட்பாடியில் வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும்.

மச்சான், உனக்குத் தனியாக ஒன்று அனுப்பியிருக்கிறேன். உனக்கு மட்டும்தான் வந்ததா என்று பார்த்துச் சொல்.