புதுப்பிப்பு: பெயரை நீக்கினால் போதுமா என்று கேட்டிருந்தேனே

முன்பு நான் கேட்டது இதுதான்: நோயாளிகளின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிவிட்டால், அந்தத் தரவை வைத்து ஒரு கணிப்பு மாதிரியை (தரவிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கும் கணினி நிரலை) பயிற்றுவிக்கலாமா? ஆய்வுக்கு வந்து இரண்டாவது வருடம்தான் என்பதால் தயங்கித்தான் கேட்டேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

போதாது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் அப்படியே இருந்தன. 1990-களில் கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி, பெயர் நீக்கிய தரவிலிருந்து மாசசூசெட்ஸ் ஆளுநரின் மருத்துவப் பதிவைக் கண்டுபிடித்தது இந்த மூன்றையும் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான். அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரை இவை மட்டுமே தனித்துக் காட்டிவிடும் என்று 2000-இல் அவர் கணக்கிட்டார்.

சரி, பிறந்த தேதியை வயது வரம்பாக்கினேன், குறியீட்டைச் சுருக்கினேன். அப்புறம் விவரங்கள் ஒன்றுபோல இருக்கும் வரிகளை (ஒரு நோயாளிக்கு ஒரு வரி) குழுக்களாக்கி, ஐந்துக்கும் குறைவான வரிகள் உள்ள குழுக்களைத் தேடினேன்; குழு சிறியதென்றால் ஆளை அடையாளம் காண்பது எளிது. அங்கேதான் சிக்கிக்கொண்டேன். அரிய நோய் உள்ள ஒருவர் தன் குழுவில் தனியாக நின்றார். அவரை நீக்கினால் அவருடைய அந்தரங்கம் காக்கப்படும். ஆனால் அவரைப் போன்றவர்களை மாதிரி கற்கவே கற்காது. ஆளை அடையாளம் காண முடியாதபடி தரவில் இரைச்சல், அதாவது தற்செயலான சிறு மாற்றங்கள், சேர்க்கும் முறையிலும் சிறு குழுக்களுக்குத்தான் துல்லியம் அதிகமாகக் குறைகிறது. இதை நினைத்துப் பல நாள் வருத்தப்பட்டேன்.

இப்போதைக்கு, தரவை மருத்துவமனைக்கு வெளியே எடுக்காமல் மாதிரியை உள்ளே அனுப்பிப் பயிற்றுவிக்க வழிகாட்டி சம்மதித்திருக்கிறார். நெறிமுறைக் குழுவுக்குப் புது விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒற்றை வரியை இன்னும் நீக்கவில்லை.