"இந்த நம்பர் விழாது!" இப்படிச் சொல்லும் ஆட்களைச் சந்தித்திருக்கிறீர்களா?

காலிவீதியான்:
வெள்ளவத்தை மார்க்கெட் பக்கம், லொத்தர் தட்டு. எனக்கு முன்னால் நின்ற ஐயா கையில் 444444 வந்தது. உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது எப்படி விழும் தம்பி? கலந்திருக்க வேணும்." பிறகு 382916ஐ எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கமும் என்றால் 2 கோடியே 60 லட்சம் சேர்க்கை. எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்புத்தானே! சொல்ல வாயெடுத்தேன், விற்கிறவர் முறைத்தார்.

கொட்டாஞ்சேனை அக்கா:
அதை விடுங்கோ. எங்கட மாமி பிரசவ வார்டு வாசலில் நின்றே, "மூன்றும் பெட்டை, கணக்குப்படி நாலாவது பொடியன்தான்" என்றா. நேர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உள்ளே இருக்கிற பிள்ளைக்கு மூன்று அக்கா இருக்கு என்று யாரம்மா சொன்னது?" வார்டே சிரித்தது. மாமி இன்றைக்கும் அந்த நேர்ஸைத் திட்டுகிறா.

கணக்குப்பிள்ளை:
காலிவீதியான், ஐயா சொன்னது முழுப் பிழையில்லை. ஆறும் ஒரே இலக்கமாக வருவது 10 லட்சத்தில் 10 தான், மிச்சமெல்லாம் 'கலந்தது'. ஆனால் அவர் வாங்கியது அந்தக் கூட்டத்தையா? ஒரே ஒரு டிக்கெட்டை! அக்காவின் மாமிக்கும் துணை உண்டு. 1913இல் மொண்டே கார்லோ சூதாட்ட விடுதியில், சிவப்பும் கறுப்புமாகக் குழிகள் உள்ள ரூலட் சக்கரத்தில் பந்து தொடர்ந்து 26 தரம் கறுப்பில் விழுந்தது. 'இனிச் சிவப்புத்தான்' என்று கட்டியவர்கள் காசைத் தொலைத்தார்கள்.

என் கதை சின்னது. இரத்தப் பரிசோதனையில் 'பொசிட்டிவ்' என்றதும் மனைவி காணி உறுதியைத் தேடத் தொடங்கிவிட்டா. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: சதவீதத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். 1000 பேரில் 10 பேருக்கு நோய் என்று வையுங்கள். சோதனை அதில் 9 பேரைப் பிடிக்கிறது. நோயில்லாத 990 பேரில் நூற்றுக்கு 5 பேரைத் தவறாகப் பிடித்தால் அதுவே ஏறக்குறைய 50. ஆக 'பொசிட்டிவ்' 59 பேர், உண்மையில் நோயாளி 9 பேர்தான். அரிதான நோய் என்றால் இன்னும் குறையும். அதற்காக ரிப்போர்ட்டை மூலையில் போடாதீர்கள். "என்னைப் போல பொசிட்டிவ் வந்த ஆட்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே இருக்கும்?" என்று டொக்டரிடம் கேளுங்கள். அடுத்த சோதனை வேணுமா என்பதையும் கேளுங்கள். வீட்டில் யாருக்கும் சொல்வதற்கு முதல் கேளுங்கள்.

மழைக்காலம்:
எங்கட ஒபிசில் '70% மழை' என்றால் கொழும்பில் 70% இடத்தில் பெய்யும் என்று ஒருவர், 10 மணித்தியாலத்தில் 7 மணித்தியாலம் பெய்யும் என்று மற்றவர். சண்டை. இரண்டுமில்லை, இப்படியான 10 நாளில் 7 நாள் மழை வரும் என்றேன். "அப்ப இன்றைக்குக் குடை வேணுமா, வேண்டாமா?" என்று இருவரும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

கணக்குப்பிள்ளை அண்ணை, அடுத்த ரிப்போர்ட் என்ன சொன்னது? அதைச் சொல்லாமலே போய்விட்டீங்களே!